மூன்று சொட்டும் ஒற்றைக் காலும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்தது. எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நின்றுபோகும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு ராஜா இருந்த காலம். அது போதும்.

பொறையூர் என்று ஒரு ஊர். அங்கே திண்டோளன் என்று ஒரு ராஜா. ஊருக்கு மேற்கே அத்திமலை. மலையில் இருபது குடிசை. அதில் ஒன்றில் மருதி என்று ஒருத்தி. கதை அவளுடையது. ராஜா நடுவில் வருவான், போவான்.

மருதி மொட்டுக்காரி. பூ மொட்டு என்று நினைக்க வேண்டாம். இலை மொட்டு.

பின்பனிக் காலத்தில் அத்தியும் அரசும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். பார்த்தால் செத்த மரம் மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கிளை நுனியில் கூர்கூராக மொட்டு. வரப்போகிற தழையெல்லாம் அதற்குள் மடிந்து உட்கார்ந்திருக்கும். அது விரிவதற்கு முன்னால் கிள்ளிவிட வேண்டும். விரிந்துவிட்டால் ஆட்டுக்குப் போடலாம், வேறு எதற்கும் ஆகாது.

அதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிளைக்கு மூன்று மொட்டுதான். உச்சி மொட்டைத் தொடக்கூடாது. உச்சி போனால் மரம் அந்த வருஷம் மேலே ஏறாது.

கிள்ளிய மொட்டைப் புதுப்பானையில் போடுவார்கள். மலைத்தேனை ஊற்றுவார்கள். கொஞ்சம் கள் சேர்ப்பார்கள். வாயைத் துணியால் கட்டி மண் பூசி, ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை மூடி வைப்பார்கள். பிறகு வடிகட்டினால் அதுதான் மொட்டூறல். காலையில் ஒரு மிடறு தண்ணீரில் மூன்று சொட்டு.

என்ன செய்யும்? பெரிதாக ஒன்றும் செய்யாது. சாப்பிட்டது வயிற்றில் சண்டை போடாமல் இருக்கும். படுத்தால் தூக்கம் வரும். பக்கத்து வீட்டுக்காரன் பேசினால் எரிச்சல் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். அதற்கு மேல் அது எதையும் செய்யும் என்று மருதி யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கேட்டவுடன் கொடுக்கவும் மாட்டாள். மலையில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்பது, பார்ப்பது, நிற்கவைப்பது.

கேட்பது மூன்று கேள்வி. பசித்ததா? தூங்கினாயா? காலையில் வெளிக்குப் போனாயா?

பார்ப்பது முகம். கண் மஞ்சளா, நாக்கு வெள்ளையா, உதடு வறண்டதா.

நிற்கவைப்பது ஒற்றைக் காலில். வலக்காலில் மூன்று மூச்சு. இடக்காலில் மூன்று மூச்சு. மரம் ஒற்றைக் காலில் நிற்கிறது, அதன் மொட்டைக் குடிக்கிறவன் மூன்று மூச்சாவது நிற்கட்டும் என்பார்கள். புதுப்பானை திறக்கும் நாளில் மலை முழுக்கக் கொக்கு மாதிரி நிற்கும். ஒருவரை ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டித் தள்ளிவிட்டுக்கொள்வதும் உண்டு. விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் காய்ச்சல்காரன் நிற்கமாட்டான். தலைசுற்றுகிறவன் நிற்கமாட்டான். இடுப்பு பிடித்தவன் நிற்கமாட்டான். மூன்றில் எது தவறினாலும் சொட்டு கிடையாது. "வைத்தியரிடம் போ" என்று ஒரே சொல்தான்.

இப்போது ராஜா வருகிறான்.

ஒரு நாள் திண்டோளன் வேட்டைக்கு வந்தான். பேருக்கேற்ற தோள். ஆனால் உள்ளுக்குள் ஆள் நொந்துபோயிருந்தான். தின்றது செரிக்கவில்லை. தூக்கம் துண்டுதுண்டாக வந்தது. அரண்மனையில் யார் இருமினாலும் அவனுக்குக் கோபம் வந்தது. நோய் என்று சொல்லவும் முடியாது. சுகம் என்று சொல்லவும் முடியாது. நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

அன்றைக்கு மலையில் புதுப்பானை திறக்கிற நாள். என்ன அது என்று கேட்டான். சொன்னார்கள். எனக்கும் கொடு என்றான்.

மருதி மூன்று கேள்வியைக் கேட்டாள். மூன்றாவது கேள்வியில் படைத்தலைவன் வாளில் கை வைத்தான். ராஜாவிடம் இப்படிக் கேட்ட ஆள் அதுவரை கிடையாது. ராஜா சிரித்துவிட்டான். பசி அரை, தூக்கம் அரை, மூன்றாவது இன்றைக்குக் கொஞ்சம் தாமதம் என்று உள்ளதைச் சொன்னான்.

முகத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினாள். படைத்தலைவன் குனி என்றான். பொறையூர்ச் சட்டம் அது. சபையில் இருக்கிறவர்கள் ராஜாவின் முகத்தைப் பார்க்கலாம். மற்றவர்கள் ராஜா முன்னால் தலை நிமிரக்கூடாது. குனிந்தாள்.

மிச்சம் ஒற்றைக் கால். ராஜாவை எப்படிக் கொக்கு மாதிரி நிற்கச் சொல்வது என்று யோசித்தாள். ராஜாதானே, திடமாகத்தான் இருப்பார் என்று விட்டுவிட்டாள்.

இதுதான் மருதி செய்த தப்பு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு ராஜாவுக்கு ஒத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் பசி எடுத்தது. தூக்கம் பிடித்தது. அரண்மனையில் எல்லாரும் தைரியமாக இருமினார்கள். சமையற்காரன் பத்து வருஷத்தில் முதல் தடவையாகப் பாடிக்கொண்டே அரிசி களைந்தான்.

ராஜா மருதியை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அரண்மனையில் நாற்பது யானை. யானைக்கு அத்தித் தழை என்றால் உயிர். பாகர்கள் மலையேறி வந்து கிளைகிளையாக வெட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு யானை ஒரு வேளைக்குத் தின்பது மருதிக்கு ஒரு வருஷத்து மொட்டு. மலையில் இருக்கிற இருபது குடிசைக்கும் அதுதான் சோறு.

யானை மலையேறக்கூடாது என்று கேட்டாள். ஏறாது என்றான் ராஜா. முடிந்தது. ஓலையில் எழுதவில்லை, கல்லில் வெட்டவில்லை. வாய்ச்சொல். வாயால் கொடுத்ததை வாயாலேயே எடுக்கலாம். அதையும் நினைவில் வையுங்கள்.

அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை மருதி குடுக்கையில் ஊறலை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு வருவாள். குனிந்து நிற்பாள். மூன்று கேள்வி கேட்பாள். ராஜா பதில் சொல்வான். சொட்டு விட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள்.

சபை முழுக்க ராஜாவின் முகத்தைப் பார்க்கும். சிரித்தால் சிரிக்கும், சுளித்தால் சுளிக்கும். மருதி மட்டும் குனிந்திருப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ராஜாவின் கால்தான். வலது கணுக்காலில் பொற்கழல். அவன் உற்சாகமாக இருந்தால் கால் ஆடும், கழல் கலீர் கலீர் என்னும். அவள் கேள்விக்கு வாய் பதில் சொல்வதற்கு முன்னால் கழல் சொல்லிவிடும்.

ராஜாவே குடிக்கிறான் என்றதும் ஊர் சும்மா இருக்குமா? மலையடிவாரத்தில் வரிசை நின்றது. பல்வலிக்காரன் வந்தான். பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகச் சோறு இறங்காத ஒருத்தி வந்தாள். எல்லாரையும் சேந்தனிடம் போ என்று விரட்டினாள் மருதி.

சேந்தன் அரண்மனை வைத்தியன். வழுக்கைத் தலை. தோல் சுருளில் ஏழு கத்தி. பேச்சு குறைவு. நல்லது என்று ஒருநாளும் சொல்லமாட்டான், மோசமில்லை என்பான். அவன் வாசலை மிதிக்க யாருக்கும் ஆசை கிடையாது. கசப்பும் கத்தியும் தவிர அவனிடம் என்ன இருக்கிறது? மருதியிடம் தேன் இருக்கிறது. ஆகவே ஊர் மருதியைத் திட்டியது. ராஜாவுக்கு மட்டும் ஊற்றுகிறாள், நமக்கென்றால் நொண்டிச்சாக்கு என்றது.

அடுத்த வருஷம் மறுபடி வேட்டை. ராஜா பன்றியைத் துரத்திப் புதரில் இறங்கினான். செருப்பு கழன்றது. வெறுங்காலில் எதையோ மிதித்தான், நிற்காமல் ஓடினான். பன்றி விழுந்தது. இது மருதிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் ராஜா ஒருவன்தான்.

வேட்டை முடிந்து ஒரு வாரம். மருதி வந்து குனிந்து நின்றாள். பசித்ததா? பசித்தது என்றான் ராஜா. தூங்கினீர்களா? தூங்கினேன். மூன்றாவதற்கும் ஆம். எல்லாம் ஆம்தான். ஆனால் கழல் பேசவில்லை. கணுக்காலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இன்றைக்குப் பத்து சொட்டு விடு" என்றான்.

மூன்று போதும் என்று மெதுவாகச் சொன்னாள். விடு என்றான். விட்டாள்.

மூன்று நாள் கழித்து வந்தாள். கழல் இடது காலில் இருந்தது. வீரக்கழலை இடது காலில் போட்டுக்கொள்ளும் ராஜாவை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சபையில் ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா சிரித்தான், அவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு அரைக் குவளை கேட்டான். கொடுத்தாள்.

அன்று மருதி மலையேறி வந்தாள். புருஷன் கடம்பனிடம் சொன்னாள். அவன் மரத்தின் மேல் இருந்தான். பேச்சு கிளையிலிருந்து வந்தது.

"உனக்கேன் வம்பு? கேட்டதை ஊற்று. ராஜா கால், ராஜா பாடு. நீ வாயைத் திறந்தால் நாளைக்கு யானை நம் வாசலில் நிற்கும்."

"கால் வீங்கியிருக்கிறது. அவர் பொய் சொல்கிறார்."

"ராஜா சொன்னால் அதற்குப் பேர் பொய்யில்லை. சும்மா இரு."

மருதி சும்மா இருந்தாள். இருபது குடிசையை நினைத்தாள். வெட்டுப்பட்ட அத்தியிலிருந்து பால் வடிவதை நினைத்தாள். சும்மாவே இருந்தாள். அவளும் மனுஷிதானே.

மறுபடி மூன்று நாள். இந்தத் தடவை கழலே இல்லை. இரண்டு காலுக்கும் மேலே பட்டுத் துணி. அரண்மனை முழுக்கச் சந்தனம், அகில், கஸ்தூரி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. உடைந்து நீர்விட்ட பூசணி வாசனை. மருதி மூக்கு மரத்தில் வளர்ந்த மூக்கு. அது ஏமாறாது.

பசித்ததா என்றாள். பசித்தது என்றான். குரல் சருகு மாதிரி இருந்தது.

"அடுத்த தடவை சொட்டும் வேண்டாம், குவளையும் வேண்டாம். புதுப்பானையை அப்படியே கொண்டுவா" என்றான் ராஜா.

ஊறலைக் கூட்டக் கூட்டக் கால் ஆறிவிடும் என்று நினைத்துவிட்டான். மூன்று சொட்டு இவ்வளவு நன்றாக இருந்தால் ஒரு பானை எவ்வளவு நன்றாக இருக்கும்? கணக்கு சரிதான். உடம்பு மட்டும் அந்தக் கணக்கைப் படித்ததில்லை.

மருதி அங்கிருந்து நேரே சேந்தன் வீட்டுக்குப் போனாள். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. உனக்குமா பல்வலி என்று கேட்டான்.

ராஜாவின் கால் என்றாள். கழல் ஒலிக்காத நாள், கழல் மாறிய நாள், கழல் காணாமல் போன நாள், மூன்றையும் சொன்னாள். வாசனையையும் சொன்னாள். அப்போதுதான் அவன் கை நின்றது.

"எத்தனை நாள்?"

"பத்துப் பதின்மூன்று இருக்கும்."

"உள்ளே முள் இருக்கிறது. சீழ் பிடித்துவிட்டது. இன்னும் நாலு நாள் போனால் காலை எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எடுத்தும் பயனில்லை."

"போய்ப் பாருங்கள் வைத்தியரே."

"போனேன். ஒரு வாரம் முன்னால் ராஜா நொண்டினார். காலைக் காட்டுங்கள் என்றேன். இனி உள்ளே வராதே என்றார்." கத்தியைச் சுருளில் செருகினான். "ஊரில் கத்திக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். பாவம், அவர் அந்தப் பாட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார். காட்டாத காலை நான் அறுக்க முடியாது. காட்டவைக்கிறது உன் வேலை."

"என் வேலையா?"

"மூடி மறைக்கத் தேன் கொடுத்தது யார்? நானா?"

சேந்தன் சொன்னது மருதிக்குக் கசந்தது. அவனிடம் எல்லாமே அப்படித்தான். மலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. போய்ச் சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கடம்பனிடம் சொன்னாள். அவன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பானையை நான் தூக்கி வருகிறேன், உனக்குக் கனக்கும் என்றான். அவ்வளவுதான் பேசினான். நல்ல புருஷன்.

மூன்றாம் நாள் சபை கூடியது. ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்திருந்தான். காலில் பட்டு. நடுமண்டபத்தில் பானை. ஊர் வந்திருந்தது, படைத்தலைவன் வந்திருந்தான், சமையற்காரன்கூட வந்திருந்தான். சேந்தன் வாசலுக்கு வெளியே தோல் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வரக்கூடாது என்றால் வெளியே உட்காரலாம் அல்லவா.

திற என்றான் ராஜா.

மருதி மண்ணைத் தட்டினாள். துணியை அவிழ்த்தாள். தேன் வாசனை மண்டபம் நிறைந்தது. குவளையில் முகந்தாள். கொடுக்கவில்லை.

"அரசே, புதுப்பானை திறந்தால் எங்கள் மலையில் ஒரு வழக்கம். வலக்காலில் மூன்று மூச்சு, இடக்காலில் மூன்று மூச்சு நிற்க வேண்டும். நின்றால்தான் ஊற்றுவேன். போன வருஷம் தங்களுக்கு விட்டுவிட்டேன். அது என் தப்பு. இந்த வருஷம் விடமாட்டேன்."

சபையில் சிரிப்பு கிளம்பியது. ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

படைத்தலைவன் முன்னால் வந்தான். ராஜாவுக்குப் பதில் நான் நிற்கிறேன் என்றான். "நீங்கள் நின்றால் சொட்டு உங்களுக்குத்தான்" என்றாள் மருதி. அவன் திரும்பிப் போனான்.

ராஜா மறுத்தால் ஊர் ஏன் என்று கேட்கும். திண்டோளனால் மூன்று மூச்சு நிற்க முடியவில்லையா என்று கேட்கும். எழுந்தான். முதலில் இடக்காலில் நின்றான். ஒன்று. இரண்டு. மூன்று. மலை மாதிரி நின்றான். சபை ஆர்ப்பரித்தது.

"இன்னொரு கால்" என்றாள் மருதி.

வலக்காலை ஊன்றினான். இடக்காலைத் தூக்கினான். ஒன்று என்று மருதி எண்ணினாள். இரண்டு என்பதற்குள் ராஜாவின் கை சிம்மாசனத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. உட்கார்ந்தான் என்று சொல்வதா, விழுந்தான் என்று சொல்வதா? பட்டுத் துணி நழுவியது. அவன் அதை இழுத்து மூடினான்.

மூடிய வேகத்தில் கோபம் வந்தது.

"பாகர்களைக் கூப்பிடு. நாற்பது யானையும் அத்திமலைக்குப் போகட்டும். இப்போதே."

ஆள் ஓடினான். வெளியே யானைமணி கேட்க ஆரம்பித்தது. கடம்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

மருதி அப்போது பொறையூரில் சபைக்கு வெளியே யாரும் செய்யாததைச் செய்தாள். தலையை நிமிர்த்தி ராஜாவின் முகத்தைப் பார்த்தாள்.

கண் சிவந்து குழிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பத்து நாள் தூங்காத முகம். அவளுக்கு ராஜா தெரியவில்லை. அடிவாரத்து வரிசையில் நின்ற எத்தனையோ பேரில் ஒருவன் தெரிந்தான். குவளையைக் கொண்டுபோய்த் திரும்பப் பானையில் ஊற்றினாள்.

"யானை தின்றால் தின்னட்டும். மரம் அடுத்த வருஷம் துளிர்க்கும். கால் துளிர்க்காது அரசே. இது நன்றாக இருக்கிறவனை நன்றாக வைத்திருக்கிற தேன். இந்தப் பானை முழுவதும் குடித்தாலும் உள்ளே இருக்கிற முள் வெளியே வராது. வைத்தியர் வாசலில் இருக்கிறார்."

யானைமணி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

ராஜா அவளைக் கிட்டே வரச் சொன்னான். குனிந்தாள். அவள் காதில் மட்டும் விழும்படி ஒரே ஒரு சொல் சொன்னான்.

"அறுப்பான்."

"அறுப்பார். மூன்று மூச்சுதான். நான் அதுவரை ஒற்றைக் காலில் நிற்கிறேன்" என்றாள் அவளும் மெதுவாக.

ராஜா அவளைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சபையைப் பார்த்தான். பிறகு பட்டுத் துணியைத் தானே எடுத்துப் போட்டான்.

சபை மூக்கைப் பொத்தியது. கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

சேந்தன் வந்தான். குனிந்து பார்த்தான். "மோசம்தான். ஆனால் கால் தங்கும்" என்றான். கத்தியைத் தேர்ந்தெடுத்தான்.

அப்போது ராஜாவுக்கு ஒன்று தோன்றியது. நான் மட்டும் ஏன் பல்லைக் கடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். சபை முழுக்க ஒற்றைக் காலில் நிற்கட்டும், வைத்தியர் முடிக்கிறவரை எவன் கால் ஊன்றுகிறான் என்று பார்க்கிறேன் என்று ஆணையிட்டான்.

நின்றார்கள். மந்திரிகள் நின்றார்கள், புலவர்கள் நின்றார்கள், விசிறி வீசுகிறவள் விசிறியோடு நின்றாள். மருதியும் கடம்பனும் சுலபமாக நின்றார்கள், அவர்களுக்குப் பழக்கம். படைத்தலைவன் முதல் மூச்சு தாண்டினான். இரண்டாவதில் ஆடினான். பக்கத்திலிருந்த சமையற்காரனின் தோளைப் பிடித்தான். இரண்டு பேருமாகப் போய் மந்திரிகள் மேல் விழுந்தார்கள். மந்திரிகள் புலவர்கள் மேல் விழுந்தார்கள். வரிசை வரிசையாகச் சபை சாய்ந்தது.

ராஜா சிரித்தான். பத்து நாளில் முதல் நிஜச் சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சேந்தன் கத்தியை வைத்தான், கீறினான், இழுத்தான். விரற்கடை நீளத்தில் ஒரு காரைமுள். தட்டில் டிங் என்று விழுந்தது.

"முடிந்தது" என்றான் சேந்தன். "மோசமில்லை."

ராஜாவுக்கு உடனே யானை நினைவு வந்தது. குதிரையில் ஆள் பறந்தான். அடிவாரத்திலேயே மறித்தார்கள். முன்னால் போன ஒரு கிழட்டு யானை மட்டும் ஒரு கிளையை ஒடித்துவிட்டது. அந்த ஒரு கிளை போனால் போகட்டும் என்றாள் மருதி. யானையும் பசித்த ஜீவன்தானே.

நாற்பது நாள் கசாயம். நாற்பது நாள் கஞ்சி. தேன் கிடையாது. சொட்டு கிடையாது. சேந்தன் தினமும் உள்ளே போனான். கால் ஆறியது. கழல் பழைய இடத்துக்கு வந்தது. கலீர் என்றது.

மலைக்குக் கொடுத்த சொல்லை ராஜா இந்தத் தடவை கல்லில் வெட்டினான். கூடவே இன்னொன்றும் வெட்டினான். உடம்பைப் பார்க்க வருகிறவர்கள் யாரானாலும் ராஜாவின் முகத்தைப் பார்க்கலாம்.

அடுத்த புதுப்பானை நாளில் திண்டோளன் தானே மலையேறி வந்தான். இருபது குடிசையோடும் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு விறகுவெட்டி, பின்னால் ஒரு குயவன். முறை வந்தது. வலக்காலில் மூன்று மூச்சு நின்றான். இடக்காலில் மூன்று மூச்சு நின்றான். கடம்பன் பின்னாலிருந்து விலாவில் குத்தியும் அசையவில்லை.

மருதி முகத்தைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. தூங்கினீர்களா என்றாள். நன்றாக என்றான். வெளிக்குப் போனீர்களா என்றாள். விடிந்ததும் என்றான்.

"பசிக்கிறதா?"

ராஜா கொஞ்சம் யோசித்தான். முந்தின நாள் அரண்மனையில் விருந்து. பதினாறு வகை. ஆம் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்?

"இல்லை" என்றான்.

"அப்படியானால் இன்றைக்குச் சொட்டு கிடையாது. மத்தியானம் வெறும் வயிற்றோடு இருங்கள். நாளைக்கு வாருங்கள்."

குயவன் முன்னால் வந்தான். ராஜா வரிசையை விட்டு விலகி மலையிறங்கினான். வெறுங்கையோடு இறங்கினான், ஆனாலும் சந்தோஷமாக இறங்கினான். பாதை திரும்புகிறவரை கழல் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் வந்தான். பசித்தது. மூன்று சொட்டு வாங்கிக் குடித்தான்.

கதை இவ்வளவுதான். நீதி கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன்: உடம்பை நலமாக வைத்திருக்கத் துணையாக இருப்பதை, வந்துவிட்ட நோயை மூடி மறைக்கப் பயன்படுத்தாதே.